படையில் இருப்பவருக்கு ஒரு ஜோடி காலுறை

படையில் பணிபுரியும் ஒருவருக்குக் கையால் ஏதாவது செய்து அனுப்ப விரும்புகிறேன், என்ன செய்யலாம் என்று கேட்டு வருபவர்கள் பெரும்பாலும் நிறத்தையும் வடிவத்தையும் பற்றித்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். நான் அவர்களிடம் வேறு சில கேள்விகளைக் கேட்பேன். அவர் இப்போது எங்கே தூங்குகிறார்: கட்டிலிலா, வண்டிக்குள்ளா, தரையிலா? தன் உடைமைகளை அவரே முதுகில் சுமக்க வேண்டியிருக்கிறதா? நாள் முழுவதும் பூட்ஸைக் கழற்றாமல் இருப்பவரா? பணியில் இருக்கிறாரா, காயம்பட்டு மருத்துவமனையில் இருக்கிறாரா, ஓய்வுபெற்று வீடு திரும்பிவிட்டாரா? இவற்றுக்கு விடை கிடைத்துவிட்டால் என்ன செய்வது என்ற கேள்விக்கு விடை தானாகவே வந்துவிடும். நிறத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பின்னலும் தையலும் எனக்குச் சிறுவயதிலிருந்தே பழக்கமான வேலைகள். என் அண்ணன் ராணுவத்தில் சேர்ந்த பிறகு அந்தப் பழக்கத்துக்கு ஒரு திசை கிடைத்தது. அவருக்காகச் செய்யத் தொடங்கியது, அவருடன் இருந்தவர்களுக்கும், பிறகு முகம் தெரியாதவர்களுக்கும் என்று விரிந்தது. இத்தனை காலம் இதைச் செய்ததில் ஒரு கருத்து என் மனதில் உறுதிப்பட்டிருக்கிறது. தன்னுடைய அன்றாடத்தை யாரோ ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து யோசித்திருக்கிறார் என்பதும், அப்படி யோசித்தவர் பதிலுக்குத் தன்னிடம் எதையும் கேட்கவில்லை என்பதும் பொட்டலத்தைப் பிரிக்கிறபோதே படைவீரருக்குத் தெரிந்துவிடுகிறது. கைவேலைப் பரிசு தருகிற ஆறுதல் இந்த இரண்டிலிருந்துதான் வருகிறது. இவற்றில் ஒன்று இல்லாமல் போனாலும், எவ்வளவு அழகான வேலைப்பாடாக இருந்தாலும் அந்தப் பரிசு பெற்றவருக்கு இன்னொரு சுமையாகிவிடுகிறது.

முதலாவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1914-15 குளிர்காலத்தில், முதல் உலகப் போரின் மேற்குப் போர்முனையின் பதுங்குகுழிகளில் முழங்கால் அளவு சேற்றிலும் நீரிலும் நாள்கணக்கில் நின்ற பிரிட்டிஷ் படையினரில் ஏறத்தாழ 20,000 பேருக்குக் கால் அழுகும் நோய் வந்தது. பாதம் மரத்து, வீங்கி, நிறம் மாறி, முற்றிய நிலையில் விரல்களையோ பாதத்தையோ வெட்டியெடுக்க வேண்டிய நிலைக்குக் கொண்டுபோன நோய் அது. பிறகு படைத்தலைமை கண்ட வழிகள் எளியவை: கால்களைத் துடைத்து உலர்த்துவது, எண்ணெய் தடவித் தேய்ப்பது, காலுறையை அடிக்கடி மாற்றுவது. மாற்றுவதற்கு உலர்ந்த காலுறை வேண்டும். அதைத்தான் உலகின் பல மூலைகளிலும் பெண்களும் பள்ளிக் குழந்தைகளும் முதியவர்களும் பின்னி அனுப்பினார்கள். ஆஸ்திரேலியாவில் மட்டும், அந்நாட்டு வீரர்களுக்கான ஆறுதல் பொருள் நிதியத்தின் வழியே போன கைப்பின்னல் காலுறைகள் 13 லட்சம் ஜோடிக்கும் மேல். அந்தக் காலுறைகளில் பலவற்றுக்குள் பின்னியவரின் பெயரோடு ஒரு துண்டுச் சீட்டும் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. காலைக் காப்பாற்றியது கம்பளி. சீட்டைப் படித்த மனத்துக்கும் அதிலிருந்து ஏதோ கிடைத்திருக்க வேண்டும்.

என் அண்ணனுக்கு நான் முதலில் அனுப்பியதும் காலுறைதான். அதைப் பற்றி அவர் சொன்னது சுருக்கமானது: “கால் காய்ஞ்சு இருந்தா பாதி நாள் ஓடிடும்.” அவர் பேச்சில் நன்றி என்ற சொல் வரவில்லை, எனக்கு அது தேவையாகவும் படவில்லை. அந்த வாக்கியத்தில் அவருடைய ஒரு முழு நாள் இருந்தது.

காலுறை பின்னத் தெரிந்தவர்களுக்கு அதன் கடினமான இடம் எது என்று தெரியும். கணுக்கால் வரைக்கும் வட்டமாகப் பின்னிக்கொண்டு போவது கைக்குப் பழகிய வேலை, பேசிக்கொண்டே செய்யலாம். குதிகாலுக்கு வந்ததும் பேச்சை நிறுத்திவிட வேண்டும். ஊசியில் கோத்திருக்கும் நூல் வளையங்களான கண்ணிகளில் பாதியை ஒதுக்கி வைத்துவிட்டு, மீதிப் பாதியில் ஒரு கண்ணியைப் பின்னாமல் ஊசி மாற்றி, அடுத்ததைப் பின்னி, மறுபடி ஒன்றைப் பின்னாமல் மாற்றி என்று வரிவரியாகப் போனால், அந்த இடம் மட்டும் இரட்டைத் தடிப்பாக உருவாகும். பூட்ஸின் பின்பக்கம் ஓயாமல் உரசுகிற இடம் அது; அந்தத் தடிப்பு இல்லாவிட்டால் சில வாரங்களில் ஓட்டை விழும். விரல் நுனியில் இதற்கு நேர் எதிரான கவனம் வேண்டும். அங்கே ஒரு சிறு மேடு இருந்தாலும், நாளெல்லாம் நடக்கிறவரின் விரல்மேல் அது கொப்புளமாகிவிடும். அதனால் மேல் கண்ணிகளையும் கீழ்க் கண்ணிகளையும் தைத்து மூடாமல், மழுங்கிய ஊசியால் நூலைப் பின்னல் வரியைப் போலவே ஓட்டி, இணைப்பே தெரியாதபடி சேர்க்க வேண்டும். ஆங்கிலம் பேசும் நாடுகளின் பின்னல்காரர்கள் இந்த இணைப்பை முதல் உலகப் போர்க்கால பிரிட்டிஷ் போர் அமைச்சர் கிச்சனர் பெயரால் இன்றும் அழைக்கிறார்கள். அதைச் செய்யும் சில நிமிடங்களில் நான் அந்தக் காலை மட்டுமே நினைத்துக்கொண்டிருப்பேன். அதை அணியப்போகிற மனிதருக்கு நான் அனுப்புவதில் முக்கியமான பகுதி அந்த நிமிடங்கள்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

நூலைத் தேர்ந்தெடுப்பதும் இதே யோசனையின் பகுதி. மென்மையாகவும் மலிவாகவும் பளிச்சென்ற நிறங்களிலும் கிடைக்கிற அக்ரிலிக் என்ற செயற்கை நூலைத்தான் பலர் முதலில் கையிலெடுப்பார்கள். நெருப்புக்கு வாய்ப்புள்ள இடத்தில் பணிபுரிபவருக்கு அது வேண்டாம். செயற்கை இழைகள் சூட்டில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். தீக்காயத்தை அது பல மடங்கு மோசமாக்கிவிடும். இதே காரணத்தால்தான் 2006இல் இராக்கில் இருந்த அமெரிக்க மரைன் படையினர், முகாமுக்கு வெளியே போகும்போது செயற்கை இழை உள்ளாடைகளை அணியக் கூடாது என்று தளபதிகள் உத்தரவிட்டார்கள். ஆட்டுக் கம்பளி எளிதில் தீப்பற்றாது, உருகவும் செய்யாது, நெருப்பை விலக்கிவிட்டால் பெரும்பாலும் தானாக அணைந்துவிடும். நனைந்த பிறகும் ஓரளவு கதகதப்பைக் காக்கும். தலைக்கவசத்துக்கு அடியில் அணியும் குல்லா பின்னுகிறவர்களிடம் பல அமைப்புகள் முழுக் கம்பளி நூலையே கேட்பது இதனால்தான். அந்தக் குல்லாவின் உச்சியில் குஞ்சம் வைக்கக் கூடாது, மடிப்பு கூடாது, தடித்த விளிம்பும் கூடாது; தலைக்கவசத்தின் அழுத்தத்தில் ஒரு சின்ன முடிச்சு கூட மணிக்கணக்கில் தலையைக் குத்திக்கொண்டிருக்கும். கறுப்பு, பழுப்பு, ஆலிவ் பச்சை போன்ற மங்கிய நிறங்களே உதவும். துவைத்த பிறகு வாசனைத் திரவம் எதுவும் சேர்க்காமல் அனுப்புவது நல்லது.

அக்கறை மட்டும் இருந்து விசாரிப்பு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் அதே முதல் உலகப் போர்தான் சாட்சி. போர் தொடங்கிய முதல் ஆண்டில் பிரிட்டனில் வீட்டுக்கு வீடு பின்னல் நடந்தது. ஒரு படைப்பிரிவுக்குத் தேவைக்கு மேல் மஃப்ளர்கள் குவிந்தன. இன்னொன்றுக்கு எதுவும் போய்ச் சேரவில்லை. அளவும் தரமும் ஆளுக்கு ஆள் வேறுபட்டன. கடைசியில் 1915 செப்டம்பரில் இந்தத் தன்னார்வ வேலைகளை ஒழுங்குபடுத்துவதற்கென்றே சர் எட்வர்ட் வார்டு என்ற அதிகாரியைப் போர் அமைச்சகம் நியமித்தது. வயிற்றைச் சுற்றிக் கட்டும் கம்பளிப் பட்டையும் அந்தக் காலத்தில் ஏராளமாகப் பின்னப்பட்டது. வயிறு குளிர்ந்தால் காலரா வரும் என்ற பழைய நம்பிக்கையின் எச்சம் அது. காலரா பரவுவது அசுத்தமான நீரால் என்பது அதற்குப் பல ஆண்டுகள் முன்பே தெரிந்துவிட்டது. ஆனாலும் பட்டைகள் போய்க்கொண்டுதான் இருந்தன. அனுப்பியவர்களின் அன்பில் எனக்குத் துளியும் ஐயமில்லை. இருந்தாலும், சுமக்கும் ஒவ்வொரு கிராமையும் எண்ணிப் பார்க்கிற ஒருவரின் பையில் பயனற்ற பொருளைச் சேர்ப்பது அன்பின் பெயரால் செய்யக் கூடாத காரியம்.

கையால் செய்ததல்ல என்றாலும், இந்த விசாரிப்புக்கு நல்ல எடுத்துக்காட்டு ஒன்று அதே காலத்தில் இருக்கிறது. 1914 கிறிஸ்துமஸுக்கு பிரிட்டிஷ் இளவரசி மேரியின் பெயரால் திரட்டப்பட்ட நிதியில் வீரர்களுக்குப் பித்தளைப் பெட்டிகள் அனுப்பப்பட்டன. புகைபிடிப்பவர்களுக்குப் புகையிலையும் சிகரெட்டும், புகைபிடிக்காதவர்களுக்கு மிட்டாயும் தோட்டா வடிவப் பென்சிலும், சீக்கிய வீரர்களுக்குக் கற்கண்டும் மசாலாப் பொருள்களும், செவிலியர்களுக்குச் சாக்லேட்டும் என்று பிரித்துப் பிரித்து யோசித்திருந்தார்கள். லட்சக்கணக்கில் அனுப்பும்போதே அப்படி யோசிக்க முடிந்திருக்கிறது. ஒருவருக்கு ஒன்று என்று செய்கிற நம்மால் அதைவிடக் கூடுதலாகவே முடியும்.

இரண்டாவது விஷயம், பரிசு பதிலுக்கு எதையும் கேட்கக் கூடாது என்பது. இது நன்றிக் கடிதம் எதிர்பார்ப்பதை மட்டும் குறித்துச் சொல்வதன்று. பரிசு துணிச்சலைக் கூடக் கேட்கக் கூடாது என்பது என் துணிபு. இதைச் சொல்லும்போது ஜப்பானில் இருந்த ஒரு வழக்கம் எனக்கு நினைவுக்கு வருகிறது. 1904-05இல் நடந்த ருஷ்ய-ஜப்பானியப் போரின்போது பரவி, 1930களில் சீனாவுடனான போரின்போது நாடெங்கும் காணக் கிடைத்த வழக்கம் அது. படைக்குப் போகிறவரின் தாயோ மனைவியோ சகோதரியோ ஒரு வெள்ளைத் துணிப் பட்டையை எடுத்துக்கொண்டு தெருமுனையிலும் ரயில் நிலைய வாசலிலும் நிற்பார். கடந்து போகிற பெண்கள் ஒவ்வொருவரும் சிவப்பு நூலால் ஒரு தையல் முடிச்சுப் போட்டுவிட்டுப் போவார்கள். ஆயிரம் பெண்களின் ஆயிரம் முடிச்சுகள் சேர்ந்ததும் அது இடுப்பில் கட்டிக்கொள்ளும் காப்பாகிவிடும். பன்னிரண்டு விலங்குகளின் பெயரில் சுழன்று வரும் ஆண்டுகளில், புலி ஆண்டில் பிறந்த பெண்ணுக்கு மட்டும் தன் வயது எத்தனையோ அத்தனை முடிச்சுகள் போடும் உரிமை இருந்தது. ஆயிரம் மைல் போனாலும் புலி தன் இடத்துக்குத் திரும்பி வந்துவிடும் என்பது அங்கே நம்பிக்கை.

முன்பின் தெரியாத ஆயிரம் பேரின் கைபட்ட துணியை இடுப்பில் கட்டிக்கொண்டு போவதில் எத்தனை ஆறுதல் இருந்திருக்கும் என்று நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அந்தத் தாய்மார்கள் விரும்பியது ஒன்றைத்தான்: பிள்ளை உயிரோடு திரும்ப வேண்டும். ஆனால் அன்றைய அரசு அதே துணியைத் தன் பிரசாரத்துக்கு எடுத்துக்கொண்டது. பெண்கள் அமைப்புகள் அந்த வேலையை முன்னின்று நடத்தின. சாவுக்கு அஞ்சாமல் போரிடுவதன் அடையாளமாக அது காட்டப்பட்டது. திரும்பி வா என்று சொல்லிப் போட்ட முடிச்சு, திரும்பாவிட்டாலும் பெருமையே என்று சொல்லும் முடிச்சாக மாற்றப்பட்டது. கையால் செய்த பொருளுக்கு எவ்வளவு வலிமை உண்டு என்பதையும், அந்த வலிமையை எப்படியெல்லாம் திருப்பிவிட முடியும் என்பதையும் இதைவிடத் தெளிவாகக் காட்டும் பொருள் எனக்குத் தெரியாது.

அதனால்தான், பரிசோடு வைக்கும் வாழ்த்து அட்டையில் “எங்கள் வீரத் திருமகனே, எதிரிகளை வென்று வா” என்பது போன்ற வரிகளை எழுத வேண்டாம் என்று நான் வற்புறுத்துவேன். அன்று காலையில் பயந்திருக்கக் கூடிய, சலித்துப்போயிருக்கக் கூடிய, நண்பரை இழந்திருக்கக் கூடிய ஒருவருக்கு அந்த வரி எந்த இடத்தில் உதவும்? அது அவரை ஒரு சிலையாக நிற்கச் சொல்கிறது. அதற்குப் பதிலாக, பின்னிய இரவுகளில் மழை பெய்துகொண்டிருந்ததையும், நடுவில் பூனை நூலுருண்டையை இழுத்துக்கொண்டு ஓடியதையும் எழுதலாம். உங்கள் கால் அளவு சரியாகத் தெரியாததால் கொஞ்சம் நெகிழ்வாகப் பின்னியிருக்கிறேன் என்று எழுதலாம். பதில் எழுத வேண்டிய அவசியமில்லை என்ற ஒரு வரியை மட்டும் மறக்காமல் சேர்க்க வேண்டும். போரைப் பற்றிய கேள்வி எதுவும் வேண்டாம். அரசியல் வேண்டாம். சமயப் பிரசாரமும் வேண்டாம். குழந்தைகள் எழுதும் அட்டைகளில் முதல் பெயர் போதும். முகவரியும் பள்ளியின் பெயரும் தேவையில்லை.

கைவேலை மனத்துக்கு உதவுகிறது என்று சொல்லும்போது அளவு மீறிச் சொல்லிவிடக் கூடாது என்பதிலும் நான் கவனமாக இருக்கிறேன். போரின் அதிர்ச்சியால் தூக்கம் கெட்டவருக்கும், நினைவுகள் துரத்துகிறவருக்கும் தேவைப்படுவது பயிற்சி பெற்ற மருத்துவரும் உளவியலாளரும்தான். ஒரு கம்பளிப் போர்வையால் அந்த இடத்தை நிரப்ப முடியாது. ஆனால் பெரும் அதிர்ச்சிக்குப் பிறகு ஒருவரைச் சுற்றி மனித ஆதரவு இருக்கிறதா இல்லையா என்பது அவருடைய மீட்சியைப் பெரிதும் தீர்மானிக்கிறது என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். பல ஆய்வுகளைத் தொகுத்து 2000இல் வெளியான ஒரு பகுப்பாய்வு, ஆதரவின்மையை அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநலச் சிக்கலுக்கான மிக வலுவான காரணிகளுள் ஒன்றாகக் காட்டியது. ஆதரவு இருக்கிறது என்பதை ஒருவர் உணர்வதற்குக் கண்ணால் பார்த்துக் கையால் தொடக்கூடிய ஏதாவது ஒன்று இருப்பது நல்லது. நாம் செய்து அனுப்பும் பொருளின் இடம் அதுதான். அந்த இடம் சிறியது என்றாலும் உண்மையானது.

இந்த வேலையைப் பற்றிப் பேசும் போதெல்லாம் நான் ஒரு தாயின் கதையைச் சொல்லாமல் இருப்பதில்லை. கனடா நாட்டுப் படைவீரர் மார்க் இஸ்ஃபெல்டு 1990களின் தொடக்கத்தில் ஐ.நா. அமைதிப் படையில் குரோஷியாவில் கண்ணிவெடிகளை அகற்றும் பணியில் இருந்தார். இடிபாடுகளுக்கு நடுவே கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு பொம்மையைப் பார்த்து, அதைத் தொலைத்த குழந்தையை நினைத்து மனம் கலங்கினார். இதை அறிந்த அவருடைய தாய் கேரல், உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னஞ்சிறு பொம்மைகளைக் குரோஷே என்ற கொக்கி ஊசிப் பின்னலில் செய்து மகனுக்கு அனுப்பத் தொடங்கினார். ஆண் பொம்மைகளுக்கு அமைதிப் படையினர் அணிவது போன்ற நீலத் தொப்பி. மார்க் அவற்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய், வழியில் சந்திக்கும் குழந்தைகளிடம் கொடுப்பார். 1994 ஜூனில் கண்ணிவெடி வெடித்து அவர் உயிரிழந்தார். அதன் பிறகு அவருடைய தோழர்கள், பொம்மைகள் தொடர்ந்து வேண்டும் என்று அந்தத் தாயிடம் கேட்டார்கள். அவரும் பின்னினார், பிறகு பலரும் பின்னத் தொடங்கி, அந்தப் பொம்மைகள் கனடா வீரர்கள் போன நாடுகளுக்கெல்லாம் போயின.

அந்தத் தோழர்கள் கேட்டது தங்களுக்கான பொருளை அல்ல என்பதை நான் முக்கியமாக நினைக்கிறேன். துப்பாக்கியோடு ஓர் ஊருக்குள் நுழைகிற ஒருவரைப் பார்த்துக் குழந்தைகள் ஒதுங்குவதைத் தினந்தோறும் தாங்கிக்கொள்வது எளிதன்று. அந்தக் குழந்தையிடம் நீட்டுவதற்குத் தன் பையில் ஏதோ இருக்கிறது என்பது அவருக்கு அவருடைய மென்மையான முகத்தைத் திருப்பித் தருகிறது. ஒருவருக்கு ஆறுதல் தருவதென்றால் அவருக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்றே நாம் நினைக்கிறோம். பிறருக்குக் கொடுக்கும்படி அவர் கையில் ஒன்றை வைப்பதும் அதே அளவு ஆறுதலாகிறது. அந்தப் பொம்மைகளைப் பற்றி அறிந்த பிறகு, என்னுடைய பொட்டலங்களில் எப்போதும் ஒன்றுக்கு இரண்டாக வைக்கிறேன். பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்குப் பொட்டலமே வராமல் இருந்திருக்கலாம்.

காயம்பட்டவர்களுக்குச் செய்யும் வேலைக்கு இன்னும் கூர்மையான கவனம் தேவைப்படுகிறது. எலும்பு நொறுங்கிய கைகால்களுக்கு வெளிப்புறமாக உலோகக் கம்பிகளும் வளையங்களும் பொருத்துவார்கள். அவற்றுக்கு மேல் சாதாரணக் கால்சட்டையோ சட்டையோ ஏறாது. அமெரிக்காவில் இப்படிப் பல வீரர்கள் மாதக்கணக்கில் மருத்துவமனை அங்கியிலேயே கிடக்க வேண்டியிருந்ததைக் கண்டு, “ஸோ மச் கம்ஃபர்ட்” என்ற தன்னார்வ அமைப்பு மாற்று உடைகளைத் தைக்கத் தொடங்கியது. வேலை எளிமையானதுதான்: கால்சட்டையின் பக்கத் தையலைப் பிரித்து, கூடுதலாகத் துணி சேர்த்து, விளிம்பு நெடுக ஒட்டிப் பிரிக்கக் கூடிய வெல்க்ரோ பட்டை வைத்துத் தைப்பது. மேலிருந்து பார்த்தால் எல்லாரும் அணிகிற உடை போலவே இருக்கும். தன் உடையில், தன் கையால் பிரித்து மூடக் கூடிய உடையில், ஒருவர் தன் குழந்தையை வரவேற்பதற்கும் அங்கியில் படுத்தபடி வரவேற்பதற்கும் உள்ள வேறுபாட்டை உடுத்தியவரால் மட்டுமே முழுதாகச் சொல்ல முடியும். கைகால் இழந்தவர்களுக்காக, செயற்கை உறுப்பு பொருந்தும் இடத்தில் அணியும் தையலற்ற கம்பளி உறைகளை முதல் உலகப் போரின்போதே செஞ்சிலுவைச் சங்கத்துக்காகப் பின்னினார்கள். அழகுக்காகச் செய்யும் வேலையைவிட இவற்றின் மீது எனக்கு மதிப்பு அதிகம்.

ஊசியும் நூலும் எதிர்த்திசையிலும் போயிருக்கின்றன என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தில் ஒரு பலிபீட விரிப்பு இருக்கிறது. முதல் உலகப் போரில் காயம்பட்டு மருத்துவமனைகளில் இருந்த 138 வீரர்கள் சேர்ந்து பூத்தையல் போட்டது. நடுங்கும் கைகளுக்கு நிதானத்தையும், கட்டிலோடு கிடந்த பொழுதுக்கு ஒரு வடிவத்தையும் அந்தத் தையல் தந்தது. நலம் தேறிவரும் ஒருவருக்கு முடித்த பொருளை அனுப்புவதோடு, நூலும் ஊசியும் தொடக்கப் பாடமும் சேர்த்து அனுப்பலாம் என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம்.

போர்வைகளைப் பற்றிச் சொல்லும்போது “குவில்ட்ஸ் ஆஃப் வேலர்” என்ற அமெரிக்க அமைப்பைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது. மகன் இராக்கில் பணியில் இருந்த 2003இல் கேத்தரின் ராபர்ட்ஸ் என்ற தாய் அதைத் தொடங்கினார். நள்ளிரவில் கட்டிலின் ஓரத்தில் குனிந்து உட்கார்ந்திருக்கும் ஓர் இளைஞனும், பிறகு ஒட்டுத்துணிப் போர்வையைப் போர்த்திக்கொண்டதும் அமைதியடையும் அதே இளைஞனும் அவருடைய மனக்கண்ணில் தோன்றியதாக அவர் சொல்லியிருக்கிறார். அந்த அமைப்பின் வழியே இதுவரை லட்சக்கணக்கான போர்வைகள் போயிருக்கின்றன. அகலம் 55 அங்குலத்துக்கும் நீளம் 65 அங்குலத்துக்கும் குறையக் கூடாது என்பது அவர்களின் விதி. வளர்ந்த ஒரு மனிதரை அரைகுறையாக அல்லாமல் முழுதாகப் போர்த்த வேண்டும். செய்தவர்களின் பெயர் தைத்த சீட்டும் போர்வையில் இருக்க வேண்டும்.

இந்தப் போர்வைகளைப் பெறுபவர்களில் பெரும் பகுதியினர் முதியவர்கள் என்பது என்னை மிகவும் தொடுகிறது. வியட்நாம் போரிலிருந்து திரும்பியபோது வரவேற்பு கிடைக்காதவர்கள், சீருடையைக் கழற்றி வைத்துவிட்டு அதைப் பற்றி வாய் திறக்காமலே வாழ்ந்தவர்கள், பல பத்தாண்டுகள் கழித்து ஒரு போர்வையைத் தோளில் வாங்கிக்கொள்கிறார்கள். பரிசுக்குக் காலாவதி கிடையாது என்பதை இவர்களிடமிருந்து கற்றுக்கொள்ளலாம். போர்வையை நேரில் கொடுக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பின்னாலிருந்து திடீரென்று தோளில் போர்த்தக் கூடாது. முன்னால் நின்று, காட்டி, போர்த்தலாமா என்று கேட்ட பிறகே செய்ய வேண்டும். தலையசைத்து மறுத்தால் கையில் கொடுத்தால் போதும்.

அனுப்பும் வழியைப் பற்றியும் சில வார்த்தைகள். “யாராவது ஒரு வீரருக்கு” என்று பொதுவாக எழுதி அனுப்பும் பழக்கம் ஒருகாலத்தில் பரவலாக இருந்தது. 2001இல் தபாலில் ஆந்த்ராக்ஸ் கிருமி அனுப்பப்பட்ட பிறகு, அமெரிக்கப் பாதுகாப்புத் துறை அப்படிப்பட்ட பெயரில்லாத் தபால்களை ஏற்பதை நிறுத்தியது. இப்போது தெரிந்தவரின் பெயருக்கு அனுப்புவது அல்லது நம்பகமான அமைப்பின் வழியே அனுப்புவது ஆகிய இரண்டுதான் சரியான வழிகள். ஒவ்வோர் அமைப்புக்கும் நூல், அளவு, நிறம் பற்றிய விதிகள் உண்டு. பின்னத் தொடங்கும் முன்பே அவற்றைப் படித்துவிட வேண்டும். குழந்தைகளும் பின்னல் தெரியாதவர்களும் பாராசூட் கயிற்றில் கைப்பட்டை முடையலாம். ஏறத்தாழ 250 கிலோ இழுவிசையைத் தாங்கும் கயிறு அது. உள்ளே ஏழு இழைகள் இருக்கும். அவசரத்துக்குப் பட்டையைப் பிரித்தால் எதையாவது கட்டவோ தைக்கவோ உதவும். அதற்கு உலோகக் கொக்கி வேண்டாம், பிளாஸ்டிக் போதும்.

பண்டிகை நாள்களுக்கு முன்னால் எல்லாரும் அனுப்புகிறார்கள். பணிக்குப் போன முதல் மாதத்திலும் அனுப்புகிறார்கள். வீடு திரும்பிய நாளில் மாலையும் கைதட்டலும் இருக்கும். அதற்குப் பிறகு வரும் மாதங்களில்தான் பொட்டலங்கள் நின்றுபோகின்றன. அந்த மாதங்களில் இரவு நீளமாக இருக்கும், வீட்டார் அவரோடு எப்படிப் பேசுவது என்று தெரியாமல் இருப்பார்கள் என்பதை அண்ணன் திரும்பி வந்தபோது எங்கள் வீட்டிலேயே பார்த்தேன். அவர் தன்னுடைய பழைய பிரிவில் இருந்தவர்களின் பெயர்களையும், யார் யார் ஊர் திரும்பிவிட்டார்கள் என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார். இந்த ஆண்டு நான் பின்னுகிற காலுறைகள் அந்தப் பட்டியலில் இருப்பவர்களுக்குப் போகின்றன. இனி அவர்கள் பூட்ஸுக்குள் அணியப்போவதில்லை என்பதால் குதிகாலில் அத்தனை தடிப்பு தேவையில்லை. வீட்டில் அணிவதற்கு ஏற்றபடி மெல்லிய நூலில், அவரவருக்குப் பிடித்த நிறத்தை விசாரித்துப் பின்னிக்கொண்டிருக்கிறேன்.